கிட்டி வில்கின்சனும் லிவர்பூல் பொதுச் சலவைக்கூடங்களும்

கிட்டி வில்கின்சன் (1786–1860) இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் கூலிக்குத் துணி வெளுத்துப் பிழைத்த ஏழைப்பெண். 1832ஆம் ஆண்டு காலராக் கொள்ளைநோயின்போது அண்டை வீட்டாரின் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் போர்வைகளையும் வெளுக்கத் தம் வீட்டுச் சமையலறையைத் திறந்துவிட்டவர். அதன் தொடர்ச்சியாக 1842இல் லிவர்பூலிலும், 1846ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரிட்டனின் பிற நகரங்களிலும் பொதுச் சலவைக்கூடங்கள் எழுந்தன.

இவ்வரலாற்றை 'அழுக்குத் துணி துவைத்த கதை' என்று சுருக்கிவிடுவது வழக்கம். சட்டையும் பாவாடையும் இதில் இரண்டாம் இடத்தில்தான் வருகின்றன. சிறு துணியை எந்த ஏழையும் ஒரு வாளித் தண்ணீரில் கசக்கி அடுப்போரம் காயப்போட்டுவிட முடியும். பெரிய போர்வையைத் துவைக்கவும், அதைவிட முக்கியமாக உலர்த்தவும், ஏழை வீட்டில் இடமில்லை. பொதுச் சலவைக்கூடம் என்ற ஏற்பாட்டின் தேவை அங்கிருந்தே பிறந்தது.

ஒரே போர்வை உள்ள வீடு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிவர்பூல் பிரிட்டனின் பெருந்துறைமுகங்களில் ஒன்று. அமெரிக்கப் பருத்தி இங்கே இறங்கித்தான் மான்செஸ்டர் வட்டார ஆலைகளுக்குச் சென்றது. துறைமுகக் கூலிகளின் குடியிருப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, குறுகிய முற்றத்தைச் சுற்றி நெருக்கிக் கட்டிய வீடுகள். முற்றம் முழுமைக்கும் ஒரு தண்ணீர்க்குழாய், ஒன்றிரண்டு கழிப்பிடங்கள். மற்றது, தெருமட்டத்துக்குக் கீழே இருந்த நிலவறைகள். குடிநீர் வழங்கல் தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தது. குழாயில் நாள் முழுவதும் நீர் வராது. வரும் நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வீடுகளில் படுக்கை என்பது வைக்கோலோ பஞ்சுக்கழிவோ அடைத்த மெத்தை, ஒரு கம்பளி, கொஞ்சம் வசதி இருந்தால் பழந்துணிகளை அடுக்கித் தைத்த மெத்துப்போர்வை. இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் உறங்கினர். பணமுடை வந்தால் அடகுக்கடைக்குப் போகும் பொருள்களில் போர்வையும் ஒன்று. மாற்றுப் போர்வை கிடையாது. காலையில் நனைத்த போர்வை இரவுக்குள் காயாவிட்டால் அன்றிரவு வீடு முழுவதும் குளிரில் கிடக்க வேண்டும்.

காய்ந்த நிலையில் இரண்டு கிலோ எடையுள்ள கம்பளி, தொட்டியிலிருந்து தூக்கும்போது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கனக்கும். ஒருவர் தனியே பிழிய முடியாது. இருவர் இரண்டு முனைகளைப் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். கையால் தேய்த்தும் மாளாது. ஸ்காட்லாந்துப் பெண்கள் கம்பளிகளை மரத்தொட்டியில் போட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டிக்குள் நின்று மிதித்தே வெளுத்தனர். இன்வெர்னஸ் பகுதியில் தங்கியிருந்த ஓர் ஆங்கில அதிகாரி இதைக் கண்டு வியந்து எழுதிய கடிதங்கள் 1754இல் அச்சேறின. ஆங்கிலேயர் அதை நாகரிகக் குறைவாகப் பார்த்தனர். அத்தனை கனமான துணியின் அழுக்கை வெளியேற்றக் கையைவிடக் காலே வலிமையானது என்பதை அந்தப் பெண்கள் அறிந்திருந்தனர்.

கிளாஸ்கோ நகரத்தாருக்கு வேறொரு நல்வாய்ப்பும் இருந்தது. ஆற்றங்கரையில் 'கிளாஸ்கோ கிரீன்' என்னும் பொதுப் புல்வெளி. அங்கே 1732இலேயே ஒரு சலவைக்கட்டடம் எழுந்தது. வெளுத்த துணிகளைப் புல்லின்மீதே விரித்துக் காயவைக்கலாம். (1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேம்ஸ் வாட் இந்தப் பழைய சலவைக்கட்டடத்தைக் கடந்து நடந்தபோதுதான், நீராவி எந்திரத்தில் ஆவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. சலவை வரலாற்றுக்கும் தொழிற்புரட்சிக்கும் இடையே இப்படி ஓர் எதிர்பாராத சந்திப்பு.) லிவர்பூலின் நிலவறைவாசிகளுக்கு அத்தகைய புல்வெளி அருகில் இல்லை.

உலர்த்தல்தான் உண்மையான இடர். அறை வெப்பத்தில் உள்ள ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம், அதே நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவை. வெயிலும் காற்றும் இருந்தால் இயற்கையே அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளும். மேகமூட்டமும் மழையும் மிகுந்த லிவர்பூலில், சன்னலற்ற அறைக்குள், அதை நிலக்கரிதான் தர வேண்டும். கரி வாங்கப் பணம் இருந்தாலும் போர்வையிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியின்றிச் சுவரிலும் மெத்தையிலும் போய்ப் படியும். போதாக்குறைக்குச் சோப்பின்மீது வரி வேறு. ஒரு பவுண்டு கட்டிச் சோப்புக்கு 3 பென்னி என்றிருந்த அந்த வரி 1833இல் பாதியாகக் குறைக்கப்பட்டது. 1853இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. ஏழை வீடுகளில் போர்வைகள் மாதக்கணக்கில் வெளுக்கப்படாமல் கிடந்ததற்குச் சோம்பல் காரணமென்று அக்காலக் கனவான்கள் பலர் எழுதினர். அவர்களில் எவரும் ஈரக் கம்பளியைத் தம் கையால் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1832

காலரா 1831 அக்டோபரில் இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகமான சன்டர்லண்டில் கால்வைத்தது. அடுத்த ஆண்டு லிவர்பூலை எட்டி, அங்கு 1,500 பேருக்கு மேல் பலிகொண்டது. நோயாளியின் உடலிலிருந்து நீர் பெருக்கெடுத்து வெளியேறும் நோய் இது. அதனால் முதலில் கெடுவது படுக்கைதான். நோயாளி இறந்தாலும் பிழைத்தாலும் அதே விரிப்பிலும் போர்வையிலும்தான் வீட்டில் எஞ்சியோர் படுத்தாக வேண்டும்.

நோயுற்றோரின் படுக்கையை எரித்துவிடுவது அதிகாரிகள் கையாண்ட வழிகளில் ஒன்று. ஒரே போர்வை உள்ள வீட்டுக்கு அது இரண்டாம் தண்டனை. மருத்துவர்கள்மீதும் மக்களுக்கு நம்பிக்கை இல்லை. உடற்கூறு ஆய்வுக்குப் பிணம் விற்பதற்காக எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் செய்த கொலைகள் 1828இல் வெளிவந்திருந்தன. காலரா மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அறுத்துப் பார்ப்பதற்கே என்ற வதந்தி பரவியது. 1832 மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலுமாக லிவர்பூல் தெருக்களில் எட்டுக் கலவரங்கள் நிகழ்ந்தன. அரசின் ஆணையை எதிர்த்த அதே மக்கள், தங்கள் தெருவில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போர்வைகளைத் தாமாகவே சுமந்து சென்றனர்.

டெனிசன் தெருச் சமையலறை

கிட்டி அயர்லாந்தின் லண்டன்டெரியில் கேத்தரின் சீவர்டு என்ற பெயரில் பிறந்தவர். அவருக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது குடும்பம் லிவர்பூலுக்குக் கப்பலேறியது. மெர்சி ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் விபத்துக்குள்ளாகித் தந்தையும் தங்கையும் மூழ்கினர். சிறுமியாக இருந்தபோதே லங்காஸ்டர் அருகே கேட்டன் என்ற ஊரின் பருத்தியாலையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டார். பின்னர் லிவர்பூல் திரும்பி ஒரு பிரெஞ்சு மாலுமியை மணந்தார். அவரும் கடலில் மாண்டார். இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற வீட்டுவேலை, ஆணித் தொழிற்கூட வேலை, துணி வெளுத்தல் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 1823இல் டாம் வில்கின்சனை மணந்தார். ராத்போன் வணிகக் குடும்பத்தின் பருத்திக் கிடங்கில் சுமை தூக்கிய டாம், கேட்டன் ஆலை நாட்களிலிருந்தே அறிமுகமானவர்.

கொள்ளைநோய் வந்தபோது அத்தெருவில் வெந்நீர்க் கொப்பரை இருந்தது கிட்டியின் வீட்டில் மட்டுமே. கீழே அடுப்பு வைத்துச் செங்கல்லால் பதித்துக் கட்டிய அத்தகைய கொப்பரை அக்காலத்தில் வசதியான வீடுகளின் அடையாளம். வெளுப்புத் தொழில் செய்ததால் அவரிடம் இருந்தது. தண்ணீருக்கும் கரிக்குமாக வாரம் ஒரு பென்னி வாங்கிக்கொண்டு சமையலறையையும் பின்முற்றத்தையும் அண்டை வீட்டாருக்குத் திறந்துவிட்டார். வாரத்துக்குச் சராசரியாக 85 குடும்பங்கள் வந்ததாகச் சொல்லப்படுகிறது. ராத்போன் குடும்பமும், மாவட்டச் சேமிப்புச் சங்கம் என்ற அறநிறுவனமும் பொருளுதவி செய்தன. ஒரு பென்னி என்பது இலவசமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தருமத்துக்குக் கைநீட்டும் கூச்சமின்றி, தன் காசுக்குத் தன் போர்வையை வெளுக்க வந்ததாகத்தான் ஒவ்வொரு பெண்ணும் உள்ளே நுழைந்தாள். இந்த ஏற்பாட்டின் உயிர் அதில்தான் இருந்தது.

வெளுப்பதற்குக் கொதிநீரும் குளோரைடு சுண்ணாம்பும் பயன்பட்டன. பிற்காலத்தில் 'பிளீச்சிங் பவுடர்' என்று உலகெங்கும் அறியப்பட்ட இத்தூளை, கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் 1799இல் காப்புரிமை பெற்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்குமுன் லினன் துணியை வெளுக்க வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், புல்வெளியில் வெயில் காட்ட வேண்டியிருந்தது. பருத்தியும் லினனும் கொதிநீரையும் இத்தூளையும் தாங்கும். கம்பளியோ கொதிநீரில் சுருங்கிக் கெட்டிப்படும்; குளோரின் அதன் இழையையே அரிக்கும். நோய்க்கு அஞ்சிக் கொதிக்கவிட்டால் கம்பளி பழைய அளவுக்குத் திரும்பாது. ஆனாலும் சுருங்கிய கம்பளி, எரித்துச் சாம்பலான கம்பளியைவிட மேலானது.

பெண்கள் வெளுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பெற்றோரை இழந்தும் கவனிப்பாரற்றும் திரிந்த தெருப்பிள்ளைகளைக் கிட்டி தம் வீட்டிலேயே ஓர் அறையில் கூட்டி உட்காரவைத்தார். அண்டைவீட்டுப் பெண் ஒருவர் அவர்களுக்குக் கதையும் பாடமும் சொன்னார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் தாய் தொட்டியருகே நிற்க முடியாது.

தவறான கொள்கை, சரியான செயல்

1832இல் காலரா எதனால் வருகிறது என்பதை யாரும் அறியவில்லை. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்பது படித்தவர் பலரின் கருத்து. குளோரைடு சுண்ணாம்பைப் பயன்படுத்தியதும் நாற்றத்தைப் போக்கும் என்பதற்காகவே. நாற்றத்தைப் போக்கிய பொருள் கிருமியையும் கொன்றது.

படுக்கைத் துணியின் பங்கைத் தெளிவாகக் காட்டியவர் மருத்துவர் ஜான் சுனோ. லண்டனில் பிராடு தெருத் தண்ணீர்க்குழாயை ஆராய்ந்தவர் என்று இன்று அறியப்படும் அவர், தம் நூலில் 1832ஆம் ஆண்டு நிகழ்வொன்றைக் குறிப்பிடுகிறார். யார்க் நகரருகே மாங்க்டன் என்ற சிற்றூரில் காலரா இல்லை. லீட்சு நகரில் காலராவால் இறந்த ஒரு பெண்ணின் ஆடைகள், வெளுக்கப்படாமலே ஒரு பெட்டியில் அவ்வூரிலிருந்த அவளுடைய உடன்பிறந்தானுக்கு வந்துசேர்ந்தன. பெட்டியைத் திறந்த மறுநாளே அவனுக்கு நோய் கண்டது. அங்கிருந்து மற்றவர்க்கும் பரவியது. துணி மட்டுமே பயணம் செய்து நோயைக் கொண்டுவந்த நிகழ்வு இது.

1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்த செருமானிய மருத்துவர் ராபர்ட் காக் இதன் மறுபாதியை விளக்கினார். நோயாளியின் ஈரத்துணியில் கிருமி வேகமாகப் பெருகுவதை அவர் கண்டார். அதே கிருமி, உலர்ந்தால் சில மணி நேரத்தில் மடிந்துபோவதையும் கண்டார். வெளுத்தலைப் போலவே உலர்த்தலும் நோய்த்தடுப்பு என்பது அப்போதுதான் அறிவியலாக உறுதிப்பட்டது. அரைகுறையாக அலசி, நிலவறையில் இரண்டு மூன்று நாள் ஈரமாகத் தொங்கும் போர்வை, அலசாத போர்வைக்கு இணையான ஆபத்து. கிட்டி இறந்து 24 ஆண்டுகளுக்குப் பின் வந்த விளக்கம் இது.

பிரெடரிக் தெருவிலிருந்து நாடாளுமன்றத்துக்கு

கொள்ளைநோய் ஓய்ந்த பிறகும் கூட்டம் ஓயவில்லை. காலரா போனாலும் அழுக்குப் போர்வை அப்படியேதானே இருந்தது. ஒரு வீட்டுச் சமையலறையில் நடப்பதை நகராட்சி பெரிய அளவில் நடத்த வேண்டுமென்று வில்லியம் ராத்போனும் நண்பர்களும் வற்புறுத்தினர். பத்தாண்டு கழித்து, 1842 மே மாதம், அப்பர் பிரெடரிக் தெருவில் லிவர்பூல் நகராட்சியின் குளியலறைகளும் சலவைக்கூடமும் திறக்கப்பட்டன. வெந்நீர், துவைதொட்டிகள், உலர்த்தும் வசதி மூன்றும் ஒரே கூரையின்கீழ் ஏழைகளுக்குக் கிடைத்தன. 1846இல் கிட்டியும் டாமும் அதன் மேற்பார்வையாளர்களாக அமர்த்தப்பட்டனர். அதே ஆண்டு விக்டோரியா அரசியின் பெயரால் கிட்டிக்கு ஒரு வெள்ளித் தேநீர்க்கெண்டி பரிசளிக்கப்பட்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில் பொதுக் குளியலறை, சலவைக்கூடச் சட்டம் நிறைவேறியது. லண்டனில் இதற்காக உழைத்த பாதிரியார் ஹென்றி டியூக்கின்பீல்டின் பெயராலும் அது அழைக்கப்பட்டது. உள்ளாட்சிகள் வரிப்பணத்தில் இவற்றைக் கட்டலாம் என்று சட்டம் அனுமதித்தது. கட்டியே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. கட்டணத்துக்கு மட்டும் உச்சவரம்பு விதித்தது. ஒரு தொட்டியும் கொப்பரையும் ஒரு மணி நேரத்துக்கு 1 பென்னி. தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு 3 பென்னி. துவைத்தவற்றை உலர்த்தும் வசதியும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். உலர்த்தலுக்குத் தனிக் கட்டணம் வைத்திருந்தால் பெண்கள் ஈரத்துணியோடு வீடு திரும்பியிருப்பார்கள், ஏற்பாடே வீணாகியிருக்கும்.

மறு ஆண்டே இதன் தேவை மீண்டும் புலப்பட்டது. பஞ்சத்துக்குத் தப்பி 1847இல் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் அயர்லாந்து மக்கள் லிவர்பூலில் இறங்கினர். அவர்களிடையே டைபசுக் காய்ச்சல் பரவியது. அது உடைப்பேன் வழியே பரவுகிறது என்பதைச் சார்லஸ் நிக்கோல் 1909இல்தான் நிறுவினார். ஆடைத் தையல்களிலும் படுக்கை மடிப்புகளிலும் ஒளிந்திருக்கும் பேனையும் ஈரையும் கொதிநீர் கொல்லும். மீண்டும் ஒருமுறை, காரணம் அறியாமலே சரியான மருந்து.

சலவைக்கூடத்தை ஆதரித்தவர்கள் சொன்ன காரணங்களில் சில இன்று வேடிக்கையாக இருக்கும். வீட்டுக்குள் ஈரப் போர்வை தொங்கினால் கணவன் எரிச்சலுற்றுச் சாராயக்கடைக்குப் போய்விடுவான் என்பது அவற்றுள் ஒன்று. ஈரப் போர்வைகளுக்கிடையே குனிந்து நடந்து நாள் முழுவதும் வேலை செய்த மனைவியின் எரிச்சலை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

உலர்த்தும் அறைகள்

சலவைக்கூடத்துக்கெனப் புதிதாக வளர்ந்த பொறியியல் பெரும்பாலும் உலர்த்தலைச் சார்ந்தது. துவைதொட்டி பழைய தொட்டிதான். மரத்தின் இடத்தில் வேறு பொருள் வந்திருக்கும். நீரை நீக்கும் வேலையை இரண்டாகப் பிரித்தனர். முதலில் விசையால் நீக்கக்கூடிய நீரை நீக்குவது. துளையிட்ட உருளையில் ஈரத்துணியை இட்டு வேகமாகச் சுழற்றினால் நீர் வெளியே தெறித்துவிடும். முறுக்கிப் பிழிவதைவிட இது துணிக்கும் நல்லது, தோளுக்கும் நல்லது. இன்றைய சலவை எந்திரத்தின் சுழற்சிப் பகுதி இதன் வாரிசே.

எஞ்சிய நீருக்கு வெப்பக்காற்று. சுவரோரம் வரிசையாக ஆளுயரக் குறுகிய அறைகள். ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சட்டம். 'குதிரை' என்று பெயர். சட்டத்தை வெளியே இழுத்து, போர்வையை மடிப்பில்லாமல் கம்பிகளின்மேல் போட்டு, உள்ளே தள்ளினால் சட்டத்தின் முகப்பே கதவாக மூடிக்கொள்ளும். உள்ளே அடியிலிருந்து வெப்பக்காற்று எழுந்து, ஈரத்தை ஏந்திக்கொண்டு மேலே புகைபோக்கி வழியாக வெளியேறும். காற்று சூடாக இருப்பதோடு, ஈரக்காற்று வெளியேறிக்கொண்டே இருக்கவும் வேண்டும். நிலவறையில் கிடைக்காதது இந்த இரண்டாவதே. காலையில் கொண்டுவந்த போர்வை அன்றே காய்ந்து இரவுப் படுக்கைக்குத் திரும்பியது. 1847இல் லண்டன் கிழக்குப் பகுதியின் ஒயிட்சேப்பலில் எழுந்த முன்மாதிரிக் கூடத்துக்குப் பின் பல நகரங்கள் இத்தகைய கூடங்களை அமைத்தன.

துணியைத் தலைச்சுமையாகவோ பழைய குழந்தை வண்டியிலோ கொண்டுவருவது லிவர்பூல் தெருக்களில் 20ஆம் நூற்றாண்டிலும் வழக்கமான காட்சி. கிளாஸ்கோவில் இக்கூடத்தை மக்கள் 'ஸ்டீமி' என்று அழைத்தனர். அங்கே தொட்டிகளருகே நடக்கும் பேச்சே ஒரு தனி உலகம். டோனி ரோப்பர் அதை வைத்து எழுதிய 'தி ஸ்டீமி' என்ற நாடகம் 1987இல் அரங்கேறி இன்றும் ஸ்காட்லாந்தில் விரும்பிப் பார்க்கப்படுகிறது.

மீண்டும் தெருமுனைக்கு

1949இல் லண்டன் குவீன்ஸ்வேயில் பிரிட்டனின் முதல் காசுபோட்டுத் துவைக்கும் 'லாண்டரெட்' திறக்கப்பட்டது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் வீடுகளுக்கே சலவை எந்திரம் வந்தது. நகராட்சிக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. லிவர்பூலில் கடைசிக் கூடம் 1990களில் மூடப்பட்டது. நகரின் புனித சார்ச்சு மண்டபத்தில் நெடுங்காலம் ஆண்களின் சிலைகள் மட்டுமே இருந்தன. 2012இல் அங்கே கிட்டியின் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. அம்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் சிலை அதுவே.

இதற்கிடையே படுக்கையும் மாறியிருந்தது. விரிப்பும் கம்பளியும் மெத்துப்போர்வையுமாக அடுக்கிப் போர்த்திய பிரிட்டானியர், 1960களிலிருந்து ஐரோப்பாக் கண்டத்து வழக்கமான 'டுவே' என்னும் திண்டுப்போர்வைக்கு மாறினர். 1964இல் லண்டனில் 'ஹாபிடாட்' கடையைத் திறந்த டெரன்ஸ் கான்ரன் இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த இந்தப் போர்வை எடையில் குறைவு. பருமனில் மிக அதிகம். வீட்டு எந்திரத்தின் உருளையில் திணித்தால் நீர் உள்ளே புகாது. புகுந்தாலும் சோப்பு முழுவதும் அலசப்படாது. உலர்த்தும்போது வெளியுறை காய்ந்துவிடும், நடுவில் இறகு கட்டிபட்டு ஈரமாகவே இருக்கும். அதை அப்படியே மடித்துவைத்தால் பூசணம் பிடித்து நாறும். இடையிடையே எடுத்து உதறி, கட்டிகளைக் கையால் பிரித்து, பெரிய உருளையில் மெல்லிய வெப்பத்தில் நெடுநேரம் சுழலவிட வேண்டும். அத்தனை பெரிய உருளை வீட்டில் இல்லை. ஆகவே சட்டை, துண்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே துவைத்துக்கொள்ளும் பிரிட்டானியக் குடும்பங்கள், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போர்வையை மட்டும் பெரிய பையில் அமுக்கிக் கட்டித் தூக்கிக்கொண்டு தெருமுனை லாண்டரெட்டுக்குப் போகின்றன.